தம்பி, கை கழுவினீங்களோ?

சில ஆண்டுகளுக்கு முன்னர் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்காகப் போதனா வைத்தியசாலையொன்றில் அனுமதிக்கப்பட்டிருந்தேன். அடுத்த கட்டிலில் நீரிழிவினால் காலில் புண்கண்ட பெரியவர் ஒருவர். காலையில் பேராசிரியரின் பின்னால் எட்டு மாணவர்கள் வந்தனர். பெரியவரின் கட்டை அவிழ்த்து, சீழ்கட்டிய இடத்தைச் சுற்றி ஒருவர்பின் ஒருவராக அழுத்திப் பார்த்தனர். அதே விரல்களோடு என் கட்டிலுக்கு வந்தனர். விடுதியின் கோடியில் ஒரு குழாய் இருந்தது, சவர்க்காரம் இருக்கவில்லை.

அமைச்சர்களிடம் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். அன்று வாய் திறக்கவில்லை. வயிற்றில் தையலோடு கிடப்பவனுக்கு வைத்தியரைப் பகைக்கத் துணிவு வருமா?

மாலையில் குறிப்பெழுத ஒரு மாணவர் தனியே வந்தார்.

"தம்பி, காலமை கை கழுவினீங்களோ?"

முகம் கறுத்துவிட்டது. "இல்லை ஐயா. எப்ப எப்ப கழுவவேணும் எண்டு சோதினையிலை கேட்டால் பிழையில்லாமல் எழுதுவன். சேர் கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போகேக்கை நான் மட்டும் குழாயடிக்கு ஓடினால் என்ன நினைப்பினம்?"

எனக்கு வியன்னா நினைவுக்கு வந்தது. அங்குள்ள பொது வைத்தியசாலையின் மகப்பேற்று முதலாம் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவிச்சிகள். 1846 இல் முதலாம் பிரிவில் நூற்றுக்குப் பதினொரு தாய்மாருக்கு மேல் இறந்தனர். இரண்டாம் பிரிவில் மூவருக்கும் குறைவு. முதலாம் பிரிவில் சேர்க்க வேண்டாமெனப் பெண்கள் மன்றாடினார்களாம். மறு ஆண்டு, பிரேத பரிசோதனையின்போது மாணவரொருவரின் கத்தி பட்டுப் பேராசிரியர் கொலெற்ஷ்கா இறந்தார். அவருடைய உடலிற் காணப்பட்ட மாற்றங்கள் அத்தாய்மாரின் உடல்களில் இருந்தவையே என்பதை நண்பர் செம்மெல்வைஸ் கண்டார். பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த கைகளே காரணம் என உணர்ந்து, மே மாதத்தில் குளோரின் கரைசலில் கைகழுவப் பணித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம் ஜூலையில் ஏறத்தாழ ஒன்றாகியது. ஆயினும் 1849 இல் அவருடைய பதவி நீடிக்கப்படவில்லை. அந்த மாணவர்களுக்குக் கிருமி பற்றித் தெரியாது. இந்தத் தம்பிக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நான்காம் நாள் என் காயத்திற் சீழ் கண்டது. அந்த விரல்களால்தான் வந்ததென்று சொல்லமாட்டேன். நிரூபிக்க முடியாததை எழுதாதது தொழிற்பழக்கம். ஐந்து நாள் பன்னிரண்டாகியது.

ஆறாம் நாட் காலை அந்த மாணவர் வரிசையிலிருந்து விலகிக் குழாயடிக்குப் போனார். கையில் சொந்தச் சவர்க்காரத் துண்டு. பேராசிரியர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. துடைக்கத் துவாய் இல்லாததால், நீர் சொட்டும் கைகளோடு என்னிடம் கடைசியாக வந்து சேர்ந்தார்.