உணரியின் எல்லை

நுண்ணலையைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவது இயற்பியல் துறையினர்க்கு வியப்பளிக்கலாம். செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணியில் சொல் தேடித் தருமாறு அத்துறை நண்பர் அழைத்தமையால், ஒரு பருவம் முழுதும் அவர்தம் ஆய்வுக்கூடத்தில் அமரும் வாய்ப்புக் கிட்டியது. பொருளைக் கண்ணாற் காணாமல் சொல்லாக்கம் செய்வது எனக்கு உடன்பாடன்று.

'டிடெக்டர்' என்பதற்கு 'உணரி' என எழுதிவைத்தேன். கிளிஸ்ட்ரானிலிருந்து புறப்படும் அலை, உள்ளகலம் ஏறத்தாழ 23 மில்லிமீட்டரும் உள்ளுயரம் 10 மில்லிமீட்டரும் கொண்ட உலோகக் குழாய் வழியே செல்கிறது. அலையின் திறனைக் குறைப்பதற்கு அட்டெனுவேட்டர் என்னும் கருவி இடையில் உண்டு. கடைக்கோடியில் இருப்பதே உணரி. அதனுள் சிறு சிலிக்கன் படிகமும் அதனைத் தொட்டு நிற்கும் மெல்லிய உலோக முனையும் உள. நொடிக்கு 900 கோடி முறை அதிரும் அலையை மீட்டரின் முள் பின்தொடர இயலாது. படிகமே அதனைச் சிறு மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. இத்துறையின் முன்னோடிகளுள் நம் நாட்டவரும் ஒருவர். கலீனா என்னும் ஈயக் கனிமத்தால் உணரி அமைத்த ஜகதீச சந்திர போஸ், 1901இல் விண்ணப்பித்து 1904இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

உணரியைச் சோதிப்பது, விளக்கு எரிகிறதா எனப் பார்ப்பது போன்றதன்று. அட்டெனுவேட்டரில் 3 டெசிபெல் கூட்டினால் அலையின் திறன் பாதியாகும். மீட்டர் காட்டும் மின்னழுத்தமும் பாதியாதல் வேண்டும். மும்மூன்று டெசிபெல்லாகக் கூட்டிக் குறித்துக்கொண்டே போனால் உணரியின் இயல்பு வெளிப்படும். மின்னழுத்தம் அலைவீச்சின் இருமடியைப் பின்பற்றுவதால் இதனை இருமடி விதி என்பர். திறன் சிறிதாயிருக்கும்வரையே இவ்விதி செல்லும். திறன் மிகுந்தவிடத்து, 3 டெசிபெல் கூட்டினாலும் மீட்டர் பாதிக்கு இறங்காது. பத்தில் ஏழு பங்கை ஒட்டி நிற்கும். மறுமுனையில், மிக மெலிந்த அலையோ இரைச்சலில் அமிழ்ந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் உணரியின் சொல் செல்லுபடியாகும்.

முதுகலை இறுதியாண்டு மாணவர் ஒருவரின் வரைபடம் மேற்பகுதியில் வளைந்தது. உடன்பயின்ற பலரின் ஏடுகளிலோ கோடு அடிமுதல் நுனிவரை நூல் பிடித்தாற்போல் நின்றது. அந்நேர்த்தி எங்கிருந்து வந்தது என்பதை ஆசிரியர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கைமாறி வரும் பழைய ரெக்கார்டு நோட்டை அறியாத ஆய்வுக்கூடம் ஏது?

"ஐயா, என்னுடையதையும் நேராக்கி எழுதிவிடட்டுமா?" என்று அம்மாணவர் கேட்டார். வகுப்பில் முதலிடம் எதிர்பார்த்திருந்தவர் அவர்.

"படிகத்தை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், தம்பி" என்றார் நண்பர்.

மாற்றிய படிகத்திலும் வளைவு வந்தது. தொடங்கிய இடம் மட்டும் சற்றே விலகியிருந்தது. வளைவு படிகத்தின் இயல்பேயன்றி அளந்த கையின் பிழையன்று என்பது தெளிவாயிற்று.

நேர்கோட்டு ஏடுகள் அனைத்தும் கையொப்பமின்றித் திரும்பின. செய்முறைத் தேர்வுக்குப் பதினொரு நாள்களே இருந்தன. பெற்றோர் சிலர் முறையிட வந்தனர். அவர்களைக் குறைகூற மாட்டேன். பிள்ளைகளின் மதிப்பெண்ணை நம்பியே பல குடும்பங்கள் வேலைவாய்ப்பை எதிர்நோக்கியிருந்தன. எனினும் நான் நண்பரின் பக்கமே நின்றேன். இதே உணரியைக் கொண்டுதான் பின்னர் ஆன்டெனாவையும் அளப்பர். வளையும் இடம் அறியாதவர் வலுவான அலையை உள்ளதினும் குறைவாகக் கணிப்பார். ஆன்டெனா நோக்கும் திசைக்கும் பிற திசைகளுக்கும் உள்ள வேறுபாடு சுருங்கித் தோன்றும். சுவடி படியெடுத்தவர் எவ்வெழுத்தில் வழுவுவார் என்றறிந்த பதிப்பாசிரியரே அச்சுவடியைத் துணிந்து பயன்கொள்வார். அது போன்றதுதான் இதுவும்.

பதினொரு நாள்களும் ஆய்வுக்கூடம் மாலை ஏழு மணிவரை திறந்திருந்தது. நண்பர் ஒரு நாளும் முன்னதாக வீடு திரும்பவில்லை. எல்லா ஏடுகளிலும் வளைவு வந்தது. இரண்டு ஏடுகளில் அது ஓரிடத்தில் தொடங்கவில்லை.

கோடு வளையத் தொடங்கும் அவ்விடத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நண்பர் கேட்டார். 'பிறழ்வுப் புள்ளி' என்றேன். "வளைவு பிழையன்று என்று இப்போதுதான் நிறுவினோம், பிறழ்வு என்றால் மாணவர்கள் மீண்டும் நேராக்கிவிடுவார்களே!" என்று மறுத்தார். கையேட்டில் 'திரும்புமிடம்' என்றே அச்சாயிற்று.