மாயாவியைப் பின்தொடர்ந்தவர்கள்

சிவகாசி என்றதும் பலருக்குப் பட்டாசும் காலண்டரும் நினைவுக்கு வரும். எனக்கு மாயாவிதான். 1972-இல் அந்த ஊரிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது அதன் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. எங்கள் வீட்டுக்கு அந்தக் கதைகள் வந்து சேர்ந்தது எண்பதுகளில், மதுரை புது மண்டபம் வழியாக. தையல் மெஷின்கள் ஒரு பக்கம் தடதடத்துக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் பழைய பாடப் புத்தகமும் கோனார் உரையும் கழுத்துயரம் அடுக்கியிருக்கும். அடியில் சணல் போட்டுக் கட்டிய கட்டாகக் காமிக்ஸ் கிடக்கும். அண்ணன் கடைக்காரரிடம் விலை பேசிக்கொண்டிருக்கையில், கட்டை அவிழ்க்காமலே ஓரத்தைப் புரட்டி எதெல்லாம் நம்மிடம் இல்லை என்று கண்டுபிடிப்பது என் வேலை. முதுகு கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கம் இருக்க வேண்டும்.

மாயாவியின் இயற்பெயர் லூயி கிராண்டேல். ஆய்வுக்கூடத்தில் நடந்த விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். வீட்டு ப்ளக் பாயின்ட்டை ஏக்கத்தோடு பார்க்காத பிள்ளை எங்கள் தெருவில் இருந்திருக்க மாட்டான். மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ மூவரையும் மும்மூர்த்திகள் என்றே சொல்வோம். யார் பெரியவர் என்று சண்டை வரும். அண்ணன் லாரன்ஸ் கட்சி, நான் மாயாவி கட்சி.

அந்தக் கையை வரைந்தவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. பார்சிலோனாவில் பிறந்த ஹேசுஸ் பிளாஸ்கோ என்பவர் வரைந்தார், தொடக்கத்தில் எழுதியவர் கென் பல்மர், 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் ஆரம்பித்தது என்பதெல்லாம் இணையம் வீட்டுக்குள் வந்த பிறகு தெரிந்தது. அதே சமயத்தில்தான் ஸ்பைடரைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். சிலந்தி மனிதன் இல்லை. லயன் காமிக்ஸில் வந்த கூர்காது ஸ்பைடர், குற்ற உலகச் சக்கரவர்த்தியாகத் துடித்தவன். அறுபதுகளில் அவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்து, 1938-இல் அதன் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்ட அதே சீகல். சூப்பர்மேனைப் படைத்த கை, எங்கள் சணல் கட்டுக்குள் இத்தனை காலம் பெயரில்லாமல் இருந்திருக்கிறது. அன்றிரவு அண்ணனுக்கு போன் போட்டு எழுப்பிச் சொன்னேன். அவனுக்குச் சொல்லியும் அடங்கவில்லை. இன்னும் யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

எண்பதுகளில் அந்தத் தவிப்புக்கு ஒரு வடிகால் இருந்தது: 15 பைசா தபால் அட்டை. ஆசிரியருக்கு எழுதுவோம். இந்தக் கதை நன்றாக இருந்தது, அட்டைப்படத்தில் மாயாவிக்கு முகம் சரியில்லை, இன்னாரை மறுபடி எப்போது போடுவீர்கள். லயன் ஆசிரியர் எஸ். விஜயன் ‘ஹாட்லைன்’ பகுதியில் வாசகரோடு பேசும் தோரணை தனி. எது விற்றது, எது விற்கவில்லை, எந்தக் கதையின் உரிமைக்காகக் காத்திருக்கிறார் என்று வீட்டு மனிதர்களிடம் சொல்வதுபோல எழுதுவார். வாசகர் கடிதப் பகுதியில் பெயரும் ஊரும் அச்சாகும். எங்கோ தாராபுரத்திலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ ஒருவர் நம் மனதில் இருந்ததை எழுதியிருப்பார். முகம் தெரியாது, குரல் தெரியாது. ஆனால் இன்னாருக்கு டெக்ஸ் வில்லர் பிடிக்கும், இன்னார் லக்கி லூக் பைத்தியம் என்று தெரியும். இன்று சமூக ஊடகத்தில் ‘கம்யூனிட்டி’ என்று எதைச் சொல்கிறார்களோ, அதை நாங்கள் அந்த இரண்டு பக்கத்தில் முழுதாக அனுபவித்துவிட்டோம்.

லயன் காமிக்ஸ் என்றதும் மாடஸ்டியைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1984-இல் அதே சிவகாசியில் லயன் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைசி. இந்தியாவில் எத்தனையோ காமிக்ஸ் வரிசைகள் வந்திருக்கின்றன. ஒரு பெண்ணை முன்னிறுத்திக் கடை திறக்கும் துணிச்சல் சிவகாசிக்கு இருந்தது. தெருவில் காமிக்ஸ் படிக்கிற ஒரே பெண் பிள்ளையான எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அண்ணனுக்கு இன்றும் புரியாது. மாடஸ்டியைப் படைத்தவர் பீட்டர் ஓ’டானல், முதலில் வரைந்தவர் ஜிம் ஹோல்டவே, லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் 1963-இல் தொடங்கிய சித்திரத் தொடர் அது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், பாரசீகத்தின் வடக்குப் பகுதியில் ஓ’டானல் சிப்பாயாக இருந்தார். அகதியாகத் தனியே நடந்துவந்த ஒரு சிறுமியை அங்கே கண்டார். சிப்பாய்கள் கொடுத்த உணவை வாங்கிக்கொண்டு, யாரையும் அண்டாமல், அவள் போக்கில் நடந்து போய்விட்டாள். அந்தப் பிள்ளை வளர்ந்து என்ன ஆகியிருப்பாள் என்ற யோசனைதான் பின்னாளில் மாடஸ்டி ஆயிற்று.

என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஆள் சேரத் தொடங்கியது இந்தச் செய்தியைச் சொன்ன நாளிலிருந்து. அதற்கு முன் புத்தக அட்டைகளை மட்டும் படம் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்கள் இதயம் தட்டிவிட்டுப் போவார்கள். அந்தச் சிறுமியைப் பற்றிப் பேசியதும், கோவில்பட்டியிலிருந்து ஓர் ஆசிரியை, சிங்கப்பூரிலிருந்து ஒரு நர்ஸ், “நானும் மாடஸ்டி படித்து வளர்ந்தவள்தான், யாரிடமும் சொன்னதில்லை” என்று எழுதினார்கள். ஒளிந்து ஒளிந்து படித்த பெண்கள் இத்தனை பேர் இருந்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பக்கம் ஆரம்பிக்கச் சொன்னது அண்ணன் மகன். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே இறக்கியது. ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த பிள்ளைகளெல்லாம் அங்கே குடியேறினார்கள். அவன் சுட்டி டிவி தலைமுறை. ஜாக்கி சான் அட்வென்சர்ஸைத் தமிழ் டப்பிங்கில் பார்த்து, அந்த வசனங்களை வீட்டில் பேசித் திரிந்தவன். பிறகு நருட்டோ, ஒன் பீஸ் என்று போய்விட்டான். அவனுடைய அனிமே பக்கத்துக்கு அப்போதே நல்ல கூட்டம்.

“அத்தை, நீங்க வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆளு தள்ளிவிட்டுப் போயிருவான். மொத மூணு செகண்ட்லயே கொக்கி போட்டுறணும்.”

பதிலுக்கு ஒரு மாயாவி இதழைப் பிரித்து அவனிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, “ஏன் ரெண்டு பக்கத்துக்கு ஒருதரம் திடுக்குனு ஒண்ணு வருது?” என்று கேட்டான். சரியாகப் பிடித்துவிட்டான். மூலத்தில் அது வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக வந்த தொடர். அடுத்த வாரமும் பையன் காசு கொண்டுவர வேண்டுமென்றால், ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் ஆளைத் தொங்கவிட வேண்டும். தமிழில் மொத்தத்தையும் ஒரே புத்தகமாகக் கோர்த்துவிட்டதால், நமக்கு இரண்டு பக்கத்துக்கொரு அதிர்ச்சி. சோறு ஆறிப்போகிறது என்று அம்மா கத்தக் கத்த நாங்கள் கீழே வைக்காமல் படித்ததற்கு அதுதான் காரணம்.

“அப்ப இது ரீல்ஸ்தான அத்தை!”

கொக்கி வரைக்கும் ஒன்றுதான். ஆனால் தொங்கவிட்ட மாயாவியை அடுத்த வாரம் காப்பாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பல்மருக்கும் பிளாஸ்கோவுக்கும் இருந்தது. இங்கே “கடைசி வரை பாருங்கள்” என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்றுமே வைக்காத வீடியோக்களைப் பார்க்கிறேன். முதல் முறை ஏமாறுகிறவர் அடுத்த முறை வருவதில்லை. எண்ணிக்கை ஏறியிருக்கும், ஆள் போயிருப்பார்.

எண்ணிக்கை முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது நீண்ட வீடியோக்களுக்கான விதி. அதை எட்டப் பாடுபடும் பிள்ளைகளின் உழைப்பை நான் கண்ணால் பார்க்கிறேன். ராத்திரி முழுக்க எடிட்டிங், விடிந்ததும் வேலைக்கு ஓட்டம். அவர்களில் நின்று நிலைப்பவர்களைக் கவனித்துவிட்டேன். ஒரு விஷயத்தை மற்றவரைவிட ஓர் அங்குலம் ஆழமாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். காமிக்ஸ் நாயகன் கேப்டன் டைகரை வரைந்த ழான் ஜிரோதான் மோபியஸ் என்ற பெயரில் ஹாலிவுட்டின் ‘ஏலியன்’, ‘ட்ரான்’ படங்களுக்கும் வடிவமைத்துக் கொடுத்தவர் என்று ஒருவர் சொல்வார். அந்த ஒரு வரியில், டைகரை மட்டும் அறிந்தவரும் ‘ஏலியனை’ மட்டும் அறிந்தவரும் ஒரே இடத்தில் வந்து உட்காருவார்கள். கீழே கமெண்டில் பேச்சு தொடங்கும். பேச்சு தொடங்கிய பக்கம்தான் வளரும்.

2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் முதன்முறையாக நடந்தது. டெல்லியில் 2011-இலேயே தொடங்கிய விழா, நம் பக்கம் வர இத்தனை காலம் எடுத்துக்கொண்டது. எங்கு பார்த்தாலும் அனிமே வேடங்கள்: லூஃபியின் வைக்கோல் தொப்பி, தன்ஜிரோவின் பச்சைக் கட்டம் போட்ட அங்கி. அண்ணன் மகன் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தி, வலது கைக்கு மட்டும் ஃபோம் ஷீட்டில் வெட்டி ஒட்டி வெள்ளிப் பெயின்ட் அடித்த கையுறை மாட்டியிருந்தான். கறுப்பு உடை என் தையல். போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் “வின்டர் சோல்ஜரா?” என்று கேட்டார்கள். “அவனுக்கு இடது கை, இது வலது கை” என்று இவன் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்கு மேல், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் தூரத்திலேயே நின்றுவிட்டார். கிட்டே வந்து அந்த வெள்ளிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மாயாவி” என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கையை விடவில்லை. அன்று இவன் எடுத்த படங்களில் அந்த ஒரு படத்துக்குத்தான் அதிகம் பேர் வந்தார்கள், சின்னவர்களும் பெரியவர்களுமாக. யார் இந்த மாயாவி என்று கேட்டவர்களுக்கு, கேட்காமலே பதில் சொல்ல ஐம்பது வயதுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

தையல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் எதிர்கால மனிதன்போல உடுத்திக்கொண்டு போனார் என்பது ரசிகர் வரலாற்றில் பிரசித்தம். அந்த உடையைத் தைத்தவர் மெர்ட்டில் டக்ளஸ். அவரும் அதேபோல உடுத்திக்கொண்டு கூடவே போனார். வெகு காலம் அக்கர்மன் பெயர்தான் முன்னால் நின்றது. பிளாஸ்கோவுக்கும் சீகலுக்கும் நடந்தது இதுதான். படைத்தவர் பெயர் உதிர்ந்துபோகிறது, படைப்பு மட்டும் ஊர் சுற்றுகிறது. அதனால்தான் நான் எந்தப் படம் போட்டாலும் வரைந்தவர், எழுதியவர், தெரிந்தால் தமிழாக்கியவர் பெயர் இல்லாமல் போடுவதில்லை.

சிவகாசிக்கே திரும்ப வருகிறேன். நடுவில் தமிழில் காமிக்ஸ் ஏறக்குறைய நின்றுபோன காலம் ஒன்று உண்டு. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. லயனும் முத்துவும் எப்போதாவது வரும். 2012 ஜனவரியில் லயன் ‘கம்பேக் ஸ்பெஷல்’ என்ற இதழோடு மீண்டது. முன்பணம் கட்டிச் சந்தாதாரராகச் சேர்ந்த வாசகர்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஆகஸ்ட்தோறும் கூடிப் பேசுகிற கூட்டம் அது. டெக்ஸை இரவுக் கழுகார் என்றும் அவன் கூட்டாளி கார்சனை வெள்ளிமுடியார் என்றும் உரிமையோடு கூப்பிடுகிறவர்கள். 2022-இல் முத்து காமிக்ஸ் ஐம்பதாவது ஆண்டைத் தொட்டது. அச்சடிப்பது சிறிய எண்ணிக்கை. ஒவ்வொரு பிரதியும் கணக்கில் வரும் என்பது இந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் ஒரு பழக்கம் எனக்குக் கோபம் மூட்டுகிறது. புது இதழ் வந்த வாரத்திலேயே முழுவதையும் ஸ்கேன் செய்து டெலிகிராமில் ஏற்றிவிடுகிறார்கள். ஆள் மளமளவென்று சேர்வது உண்மை. அப்படிச் சேர்ந்தவர்கள் அடுத்த ஸ்கேனுக்காகக் காத்திருப்பார்களே தவிர, கடைக்குப் போக மாட்டார்கள். உரிமைத்தொகை கட்டி வாங்கி, மொழிபெயர்த்து, சிவகாசியில் அச்சடித்து அனுப்புகிறவருக்கு அந்தக் கூட்டத்தால் ஒரு ரூபாய் வருவதில்லை. எங்கும் கிடைக்காத ஐம்பது வருடப் பழைய இதழைப் பாதுகாப்பது வேறு. விற்பனையில் இருப்பதை அள்ளிக் கொடுப்பது ரசனை ஆகாது.

பக்கம் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கட்டம் போடுங்கள், ஒரு பக்கம் போடுங்கள், அதில் நீங்கள் எதைக் கண்டு மலைத்தீர்கள் என்று சொல்லுங்கள். வரைந்தவர் பெயரை எழுதுங்கள். கமெண்டில் ஒருவர் வந்து பேசினால் பதில் சொல்லாமல் விடாதீர்கள். புத்தகம் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கடைசி வரியில் போடுங்கள். இந்த ஆண்டு புத்தகக் காட்சிக்குப் போனால் லயன்-முத்து ஸ்டாலில் ஒரு பிரதியாவது காசு கொடுத்து வாங்குங்கள்.