கம்பளை மைதானத்தில் ஒரு மாலை

கண்டியிலிருந்து கம்பளைக்குப் பேருந்தில் சென்றால் விரைவில் சென்றடையலாம். ஆயினும், புகையிரதத்தில் செல்வதே சிறப்பு. பேராதனையைக் கடந்து, கெலிஓயாவில் சற்றே இளைப்பாறி, மலைகளுக்கிடையே ஊர்ந்து செல்லும் வண்டியின் சாளரத்தோரத்தில் அமர்ந்தவனுக்கு வேறு பொழுதுபோக்கு வேண்டியதில்லை. 1873ஆம் ஆண்டில் இவ்விருப்புப்பாதை கம்பளையைத் தொட்டது. மலைநாட்டின் விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென்றே போடப்பட்ட பாதை அது. முதலில் கோப்பி இறங்கிற்று. பின்னர் தேயிலை இறங்கிற்று. இன்று வேறொரு செல்வமும் இவ்வழியே இறங்கிப் போகின்றது. அஃது என்னவென்று நான் அறிந்துகொண்டது கம்பளை மைதானமொன்றின் ஓரத்திலேதான்.

என் பழைய மாணவர் ஒருவர் இவ்வூரில் கடை வைத்திருக்கிறார். "சேர், ஒரு மாலையாவது எங்கள் ஊர் உதைபந்தாட்டத்தை வந்து பாருங்கள்" என்று பலமுறை அழைத்திருந்தார். அவர் வார்த்தையை இம்முறை தட்ட இயலவில்லை. அம்பகமுவ வீதியின் சந்தடியைத் தாண்டி நாங்கள் மைதானத்தை அடைந்தபோது மழை ஓய்ந்து ஒரு நாழிகைகூட ஆகியிருக்காது. தரையெங்கும் சேறு. அந்தச் சேற்றிலே தோட்டத்துப் பிள்ளைகளும், பட்டணத்து முஸ்லிம் இளைஞர்களும், அயற்கிராமத்துச் சிங்கள இளைஞர்களும் ஒரே பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். பந்தைக் கேட்டு எழுந்த குரல் தமிழா சிங்களமா என்று யாரும் நின்று பார்க்கவில்லை. வரம்பிலே சில நூறு பேர் குடையும் கையுமாக நின்று ஆரவாரித்தார்கள்.

இவ்வூரின் ஆர்வம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சாஹிரா கல்லூரி உதைபந்தாட்டத்தில் பேர்பெற்றது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கழகமொன்றின் பெயரைத் தாங்கிய கிறிஸ்டல் பெலஸ் என்னும் கம்பளைக் கழகம், நாட்டின் உயர்மட்ட லீக் போட்டிகளிலேயே சில பருவங்கள் ஆடியது. ஆனால், 2021இல் பத்துக் கழகங்களுடன் 'சுப்பர் லீக்' என்ற புதிய போட்டி தொடங்கியபோது அதில் கம்பளைக்கு இடமில்லை. மலைநாட்டின் பெயரைக் காப்பாற்றியது நாவலப்பிட்டியின் 'அப்கன்ட்ரி லயன்ஸ்' மட்டுமே. மற்றவற்றுள் மூன்று கொழும்பைச் சேர்ந்தவை; மூன்று முப்படைகள் நடத்துபவை. முதற் கிண்ணம் களுத்துறையின் 'புளூ ஸ்டார்' கழகத்துக்குச் சென்றது.

திறமையும் ஆர்வமும் இருக்க, இவ்வூருக்குப் பணமும் வெற்றியும் ஏன் வருவதில்லை?

விளையாட்டுக்குப் பணம் போட விரும்பும் நிறுவனத்தின் கண் கண்டியில் முதலில் படுவது றக்பி. 1874இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகமும், பெரிய பாடசாலைகளின் பழைய மாணவர் கூட்டமும் அவ்விளையாட்டுக்குப் பின்பலமாக நிற்கின்றன. றோயல், திரித்துவக் கல்லூரிகள் 1945 முதல் ஆடிவரும் பிரட்பிக் கேடயப் போட்டிக்குத் திரளும் கூட்டத்தில் வைத்தியரும் வழக்கறிஞரும் கம்பனி முதலாளிமாரும் இருப்பர். கிரிக்கெட்டுக்கோ தொலைக்காட்சி உண்டு. உதைபந்தாட்டத்தை நேசிப்பவர்களோ, பெரும்பாலும், நாட்கூலியை எண்ணி வாழ்பவர்கள். அவர்கள் கைதட்டலாம், விளம்பரப் பலகை வைக்க அவர்களால் ஆகாது.

அடுத்தது, ஆட்டத்தை நடத்துவோரின் நிலை. இலங்கை 1952இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் சேர்ந்த நாடு. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்ற நாடு. அத்தகைய நாடு 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை உலகச் சம்மேளனத்தால் தடைசெய்யப்பட்டு நின்றது. அடுத்த ஆண்டு போட்டி நடைபெறுமா என்பதே நிச்சயமில்லாத இடத்தில் எவர்தான் முதலிடுவார்? நாட்டுப் பொருளாதாரம் 2022இல் நிலைகுலைந்தது இதற்குமேல் வந்த இடி.

இவற்றையெல்லாம் நான் முன்பே ஓரளவு அறிவேன். அறியாத ஒன்றை, ஆட்டம் முடிந்தபின் தேநீர்க் கடையில் ஒரு முதியவர் சொன்னார். நாற்பது ஆண்டுகளாக ஊர்ப் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் பழக்கியவர் அவர். எல்லாரும் அவரை 'நானா' என்றே அழைத்தனர்.

"அந்த இடது கரையில் ஓடினானே, அவனைப் பார்த்தீர்களா, மாஸ்டர்? அடுத்த மாதம் அவன் இங்கே இல்லை. கொழும்பில் வேலை கொடுத்து ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். தகப்பன் தோட்டத்தில். மூத்த பையன் இவன்தான். போகாதே என்று நான் எந்த வாயால் சொல்வது?"

"கழகத்துக்கு இழப்பீடு ஏதும் கிடைக்காதா, நானா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போவான். அது போதும். பருவம் தொடங்கும்போது நாங்கள் பட்டியலைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவோம். சட்டை வாங்கித் தருவார் ஒருவர். பஸ் கூலி தருவார் இன்னொருவர். ஆட்டம் முடிந்தால் பணமும் முடிந்தது. மறு வருடம் மறுபடியும் பட்டியல்."

எனக்கு நெஞ்சில் உறைத்தது. நானும் பிள்ளைகளை வளர்த்து வெளியே அனுப்புகிறவன்தான். அவர்கள் போவதே எனக்குப் பெருமை. ஏனெனில், அவர்கள் போனாலும் கல்லூரி நிற்கும். அதற்குக் கட்டடமும் நிலமும் சம்பளமும் உண்டு. நானாவின் கழகத்துக்கோ ஒரு பட்டியலைத் தவிர வேறொன்றுமில்லை. சொந்த மைதானமில்லை, நுழைவுச்சீட்டு விற்கச் சுற்றுமதில் இல்லை. கம்பளைக்குக் கிடைப்பது கொடை, முதலீடன்று. கொடை கொடுத்தவரின் மனம் மாறும்வரை மட்டுமே நிற்கும்.

மறுநாட் காலை லங்காதிலக விகாரைக்குச் சென்றேன். கம்பளை 14ஆம் நூற்றாண்டில் இராசதானியாக விளங்கிய ஊர். நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344இல், சேனாலங்காதிகாரன் என்னும் அமைச்சன் எடுப்பித்தது அவ்விகாரை. அங்குள்ள பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு உண்டு. கட்டியவர்கள் கட்டியதோடு நின்றுவிடவில்லை. வழிபாடு தடையின்றி நடக்க நிலங்களையும் எழுதிவைத்தார்கள். அரசு போயிற்று, தலைநகரம் இடம் மாறிற்று, விகாரை நிற்கின்றது. கொடைக்கும் அறக்கட்டளைக்கும் உள்ள வேறுபாட்டை அக்கல் எனக்கு விளக்கிற்று.

இதற்கு மன்னர் வேண்டுமென்பதில்லை. கேரளத்தின் மலபார்ப் பகுதியில், அறுவடை முடிந்த வயல்களில் தற்காலிகப் படிக்கட்டுகளைக் கட்டி, எழுவர் ஆடும் 'செவன்ஸ்' ஆட்டத்துக்குச் சீட்டு விற்கிறார்கள். சாதாரண சனங்களின் காசே ஆட்டத்தை நடத்துகின்றது. செல்வம் கொழிக்கும் ஜெர்மனியிலுங்கூட, கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அங்கத்தினர் கையிலேயே இருக்கவேண்டுமென்பது பொதுவிதி. கம்பளையில் ஆயிரம் பேர் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் ஓர் இலட்சம் ஆகும். அதற்கு ஒழுங்கான கணக்கும், ஆண்டுதோறும் பொதுக்கூட்டமும், மைதானத்துக்கு நீண்டகால உரிமையும் அமைந்தால் கழகம் ஊரின் சொத்தாகும். தன் சொத்தைத் தானே காக்கும் ஊரை நம்பியே வெளியார் பணமும் வரும். வீரர்களை அழைத்துக்கொள்ளும் பெரிய கழகங்களும், வளர்த்த கழகத்துக்கு ஒரு பங்கு கொடுக்கும் வழக்கத்தை மேற்கொள்ளுதல் நியாயம்.

மாலை வண்டியில் திரும்பினேன். மைதானத்தில் கண்ட அந்த இளைஞன் மேடையில் நின்றிருந்தான். கையில் ஒரு சிறு பெட்டி. தோளில், கயிற்றால் கட்டிய பந்தாட்டச் சப்பாத்து. அருகே நானா நின்று அவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி புறப்பட்டதும் அவர் கையை உயர்த்தினார். பின், அந்தி வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று வானத்தைப் பார்த்துவிட்டு மைதானத்தை நோக்கி நடந்தார்.