ஒரு டர்போ தேடி... புதுப்பேட்டையில் ஒரு சனிக்கிழமை!

"என்னங்க, காரு விசில் அடிக்குது?"

பாடி மேம்பாலத்தில் ஏறும்போது பின் சீட்டிலிருந்து அம்மாதான் முதலில் கேட்டார். குக்கர் விசில் மாதிரி இல்லை. தூரத்தில் ஆம்புலன்ஸ் போவது மாதிரி ஒரு மெல்லிய ஊளை. அப்பா ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த சத்தம்தான் ஏறியதே தவிர, வண்டி ஏறவில்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்த பைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார். எங்கள் காரிலிருந்து நீலப் புகை!

மறுநாள் சர்வீஸ் சென்டரில் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். "டர்போ போயிடுச்சு சார்." புது டர்போ, வேலைக்கூலி, வரி எல்லாம் சேர்த்து 46 ஆயிரம் ரூபாய்.

எங்கள் காருக்கு வயது 11. அதில்தான் வாரத்துக்கு ஆறு நாள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு அம்மாவின் மதியச் சாப்பாடு போகிறது. அம்மா சமைப்பார், அப்பா ஓட்டுவார். கார் நின்றால் கேரியரும் நிற்கும். தற்காலிகமாக ஆட்டோ பிடித்ததில் ஒரு நாளைக்கு 700 ரூபாய் போனது. லாபம் மொத்தமும் மீட்டரில் கரைந்தது.

மாமாவுக்கு போன் போட்டேன். அம்மாவின் தம்பி, தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். "46 ஆயிரமா? சனிக்கிழமை புதுப்பேட்டை போவோம். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டு வாசல்லயே மாட்டிடலாம்" என்றார், ஏதோ ஃபேன் மாட்டுவது போல.

புகையில் சுற்றும் காற்றாடி

வெள்ளிக்கிழமை இரவே மாமா வந்து, வாசலில் எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் பழைய டர்போவைக் கழற்றினார். துருப்பிடித்த நட்டுகளுக்கு ஸ்ப்ரே அடித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட் உடைந்துவிடுமாம். கடைசியில் என் கையில் கொடுத்தபோது ஒரு பெரிய தேங்காய் அளவு இருந்தது. பார்க்க இரண்டு நத்தைகளை முதுகோடு முதுகாக ஒட்டியது மாதிரி.

விஷயம் எளிமையானதுதான். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு நத்தைக்குள் நுழைந்து, அங்கிருக்கும் சின்னக் காற்றாடியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும். காற்று அதிகமானால் கூடுதலாக டீசலை எரிக்கலாம், சின்ன இன்ஜினிலும் பெரிய இழுவை கிடைக்கும். வீணாகப் போகும் புகையை வேலை வாங்கும் இந்த யோசனைக்கு ஸ்விட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

நம் சின்ன கார்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். அந்தப் படலம் அறுந்தால் கதை முடிந்தது.

கூவக் கரையில் கார்களின் கடைசி நிறுத்தம்

சனிக்கிழமை காலை. பழைய டர்போவை அரிசிப் பையில் போட்டுக்கொண்டு ஆவடியில் லோக்கல் ஏறினோம். சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மாறி எழும்பூர். அங்கிருந்து நடை. ஆதித்தனார் சாலைப் பக்கம் திரும்பியதும் முதலில் வாசனைதான் வரவேற்றது. கிரீஸ், பழைய ஆயில், காற்று திரும்பும்போதெல்லாம் கூவம்.

புதுப்பேட்டை என்றதும் பலருக்கும் 2006-ல் வந்த தனுஷ் படம்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். நேரில் பார்த்தால், பேட்டை முழுக்க ஒரு காரைப் பிரித்துத் தெருத்தெருவாக அடுக்கிவைத்தது மாதிரி இருக்கிறது. ஒரு கடையில் கதவுகள் மட்டும், புத்தக அலமாரி போல வரிசையாக. பக்கத்தில் ஹெட்லைட்டுகள் மட்டும்; நூறு ஜோடிக் கண்கள் நம்மையே பார்க்கின்றன. அடுத்து ஸ்டீயரிங், அதற்கடுத்து சீட். ஒரு சந்தில் இரண்டு பையன்கள் தரையில் உட்கார்ந்து, பிரித்த கியர்பாக்ஸை டீசலில் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே கயிற்றில் சைலன்சர்கள் தொங்கின, கசாப்புக் கடை மாதிரி.

விபத்தில் நொறுங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் விட்ட வண்டிகள், அரசு அலுவலகங்கள் கழித்துக்கட்டியவை, வெள்ளத்தில் மூழ்கியவை எல்லாம் இப்படித்தான் உதிரிகளாகின்றன. "2015 வெள்ளத்துக்கு அப்புறம் எவ்ளோ வண்டி வந்துச்சு தெரியுமா?" என்றார் டீக்கடையில் பக்கத்தில் நின்ற பெரியவர்.

இங்கே ஒரு பழைய ஜோக் உண்டு. காலையில் வண்டியைத் தொலைத்தால், மாலையில் இங்கே வந்து அதையே பாகம் பாகமாக வாங்கிக்கொள்ளலாம் என்று. நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் பில்லு கேட்டு வாங்கணும்" என்றார்.

"இது பட்டினியில செத்திருக்கு!"

மூன்று கடை ஏறி இறங்கினோம். நான்காவது கடை, ஆறடி அகலம். உள்ளே டர்போக்கள் மட்டும், மளிகைக் கடை டப்பாக்கள் போல அடுக்கப்பட்டிருந்தன. உட்கார்ந்திருந்த பாய்க்கு அறுபது வயதிருக்கும். மாமா வண்டியின் பெயரைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "பழசைக் கொண்டாந்தியா?" என்று கேட்டார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அவர் விலை பேசவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். அது லொடலொடவென்று ஆடியது. இரண்டு போல்ட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார்.

"பாப்பா, இங்க வந்து பாரு. தண்டு நீலம் பாஞ்சிருக்குல்ல? சூட்டுல வெந்திருக்கு. அடிபட்டுச் சாகல. பட்டினியில செத்திருக்கு. ஆயில் கிடைக்காம."

அப்புறம் மாமாவைப் பார்த்தார். "நான் இப்பவே வேற ஒண்ணு எடுத்துக் குடுத்துடுவேன் தம்பி. காசு எனக்கு வந்துடும். ஆனா ஆயில் ஏன் வரலன்னு பாக்காம மாட்டுனா, ஒரு மாசத்துல இதே அரிசிப் பையில திரும்ப வருவ."

விற்க உட்கார்ந்திருப்பவர் இப்படிப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எங்களுடையது 1.3 லிட்டர் டீசல். ஃபியட் உருவாக்கிய மல்டிஜெட் குடும்பம். மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனி கார்களில் இதே இன்ஜின் குடும்பம்தான் ஓடியது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனாலும், ஓடியவை ஏராளம் என்பதால் உதிரிகளுக்குக் குறைவில்லை. சிக்கல் வேறு. 75 குதிரைத்திறன் இன்ஜினுக்கு ஒரு மாதிரி டர்போ, 90-க்கு வேறு. உடம்பில் அடித்திருக்கும் பார்ட் நம்பர் பொருந்த வேண்டும்.

பாய் நான்கு டர்போக்களைக் காட்டினார். முதலாவதில் நம்பர் பொருந்தவில்லை. இரண்டாவதின் உள்ளே காவி நிறத்தில் கறை. "வெள்ள வண்டி. வாணாம்" என்று அவரே தள்ளிவைத்தார். மூன்றாவதில் ஒரு இறக்கையின் நுனி மயிரிழை அளவு மடங்கியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. மாமா நகத்தால் வருடிக் கண்டுபிடித்தார்.

நான்காவது தேறியது. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் துளி அசைவு இருந்தது. அது இருக்கலாமாம், ஆயில் நிற்க இடம் வேண்டுமே! ஆனால், முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆடவே கூடாது. விரலால் சுண்டினார் பாய். காற்றாடி சத்தமே இல்லாமல் சுற்றி, மெதுவாக நின்றது.

12 ஆயிரத்தில் ஆரம்பித்த பேரம், ஒரு டீ, நான்கு 'போய்ட்டு வர்றோம் பாய்' எல்லாம் தாண்டி 8,500-ல் முடிந்தது. எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று எழுதி பில் கொடுத்தார். ஆயில் பைப், கேஸ்கெட், செம்பு வாஷர்களைப் பழசாக வாங்க அவரே விடவில்லை. "அதெல்லாம் புதுசு வாங்கிக்க" என்று வெளியே கை காட்டினார்.

வாசலில் ஒரு விசாரணை

ஞாயிறு காலை. அப்பாவும் பனியனோடு உதவிக்கு வந்துவிட்டார். மாமா டர்போவைத் தொடவே இல்லை. பழைய ஆயில் பைப்பைத்தான் முதலில் எடுத்தார். ஒரு முனையில் வாயை வைத்து ஊதினார். கன்னம் உப்பியதே தவிர, மறுமுனையில் காற்று வரவில்லை. உள்ளே கரி அடைத்து, பென்சில் முனைகூட நுழையவில்லை.

"மாமா, கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்க?"

அப்பா வேட்டி நுனியில் கையைத் துடைத்தார். "போன வருஷம்..." என்றார். பிறகு, "இல்ல, அதுக்கு முந்தின வருஷம். இவளுக்கு ஃபீஸ் கட்டுற நேரம். வண்டி நல்லாத்தானே ஓடுதுன்னு விட்டுட்டேன். அப்புறம் மறந்தே போச்சு."

என் ஜர்னலிசம் டிப்ளமோவின் இரண்டாவது தவணை அது. நான் கீழே விழுந்த ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது.

மாமா வேறெதுவும் கேட்கவில்லை. பழைய ஆயிலை வடித்தார், தார் மாதிரி இறங்கியது. புது ஃபில்டர், புது ஆயில். காற்றுக் குழாய்களில் தேங்கியிருந்த ஆயிலைத் துணியால் திரும்பத் திரும்பத் துடைக்கச் சொன்னார். அது முக்கியமாம். அந்த ஆயிலை இன்ஜின் உறிஞ்சினால், அதையே டீசல் போல எரித்துக்கொண்டு வெறி பிடித்த மாதிரி ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று போகும் வழியை அடைத்தால்தான் நிற்கும்.

"கையாலயா?" என்றேன்.

"கையோ துணியோ வெச்சா உள்ள இழுத்துடும். பலகை வேணும்."

அம்மா உள்ளே போய் சப்பாத்திப் பலகையோடு வந்தார். "இது போதுமா?"

டர்போவைப் பொருத்தியதும், அதன் ஆயில் வாயில் புது ஆயிலை ஊற்றி, காற்றாடியை விரலால் சுற்றினோம். பிறகு இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி செய்துவிட்டு, செல்ஃப் மட்டும் விட்டு விட்டு அடித்தார் மாமா. ஆயில் மேலே ஏறி வர வேண்டும். வறண்ட தண்டைச் சுற்றவிட்டால் ஒரு நொடியில் 8,500 ரூபாய் போச்சு.

மதியம் இரண்டு மணி. அப்பா சாவியைத் திருப்பினார். நான் பலகையோடு காற்று வாய் பக்கத்தில், போருக்குத் தயாராக நின்றேன். இன்ஜின் பிடித்தது. குபுகுபுவென வெள்ளைப் புகை! எதிர்வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்தினார். "சைலன்சர்ல கிடக்கிற ஆயில்தான், எரிஞ்சு போகட்டும்" என்றார் மாமா. பத்து நிமிடத்தில் புகை மெலிந்து, நின்றேபோனது. ஊளையும் இல்லை. பலகை மாவுக்கே திரும்பியது.

மொத்தச் செலவு: டர்போ 8,500, பைப், கேஸ்கெட், வாஷர் 1,900, ஆயிலும் ஃபில்டரும் 3,200. ஆக, 13,600 ரூபாய். மாமாவின் கூலி, அம்மா கையால் ஒரு மட்டன் பிரியாணி.

நீங்களும் போகிறீர்களா?

* பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் சொல்லிக் கேட்பதைவிட, பார்ட் நம்பரைக் காட்டிக் கேட்பது நல்லது.

* விவரம் தெரிந்த ஒருவர் உடன் வர வேண்டும். கார் வேலை பழக்கமில்லாதவர்கள், பாகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நல்ல மெக்கானிக்கிடம் போவதே புத்திசாலித்தனம்.

* பில் இல்லாத பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். எடுத்த வண்டியின் விவரத்தை எழுதி வாங்குங்கள்.

* பிரேக் பாகங்கள், ஏர்பேக், டயர் போன்ற உயிர் சம்பந்தப்பட்டவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். புதிதாக வாங்குங்கள்.

* பழையது ஏன் பழுதானது என்று தெரியாமல் மாற்றுப் பாகத்தைப் பூட்டாதீர்கள்.

திங்கட்கிழமை காலை கேரியர்கள் ஏறின. நானும் ஆபீஸுக்கு அதே காரில். பாடி மேம்பாலத்தில் அப்பா மூன்றாவது கியரிலேயே ஏறினார். யாரும் எதுவும் பேசவில்லை. மூன்று பேரும் விசில் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். வரவில்லை.

இப்போதெல்லாம் தூரம் ஓட்டி வந்தால், அப்பா உடனே இன்ஜினை நிறுத்துவதில்லை. டர்போ கொஞ்சம் ஆறட்டும் என்று ஒரு நிமிடம் ஓடவிடுகிறார். அடுத்த ஆயில் மாற்ற வேண்டிய தேதி, எங்கள் சமையலறை காலண்டரில், சிலிண்டர் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. எழுதியது நான். அந்தச் செலவு இனி என் சம்பளத்தில்.