நூறு சொல்லைத் தாண்டினால் தடை

சனி, மஃரிபுக்குப் பிறகு

கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் போகிறது. சவளக்கடையிலிருந்து கல்முனைக்குப் போக வழியில்லை. எனக்குப் போகவேண்டிய தேவையும் இல்லை. நான் காவல் காக்கும் செய்தித் தளம் மும்பாயில், அமேசனின் கிளவுட்டில் ஓடுகிறது. கரண்ட் மட்டும் இருந்தால் போதும்.

தளத்தின் உரிமையாளர் காக்காவுக்கு ஹெக்கர் என்றால் ஒரே பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு. 2019இலும் 2020இலும், யுத்தம் முடிந்த நாளான மே 18ஐ ஒட்டி, இலங்கைத் தளங்கள் பல தாக்கப்பட்டன. 2021 பெப்ரவரியில் டொட் எல்கே பதிவகத்திலேயே கைவைத்து, கூகுளின் இலங்கை முகவரியைத் தட்டியவர்களை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். 2016இல் ஜனாதிபதியின் தளத்துக்குள் நுழைந்து உயர்தரப் பரீட்சைத் திகதியை மாற்றச் சொன்னவருக்கு வயது 17. ஆகவே “ஃபயர்வோல் ஒண்டு போட்டுத் தாங்க தம்பி” என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. போட்ட பிறகு அதன் லொக்கை, அதாவது வருகைப் பதிவை, யார் வாசிப்பது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை.

இன்று அந்த ஃபயர்வோலை, அமேசனின் வஃப்பை, தளத்தின் முன்னால் மாட்டினேன். அமேசன் தரும் பொது விதித்தொகுப்பு முழுவதையும் தடுக்கும் நிலையில் விடாமல், எண்ணும் நிலையில் வைத்தேன். சந்தேகப்பட்டதைக் குறித்துக்கொள்ளும், ஆளை உள்ளே விடும். லொக் போய்ச் சேரும் எஸ்3 சேமிப்பு வாளியின் பெயர் ‘ஏடபிள்யூஎஸ்-வஃப்-லொக்ஸ்’ என்றுதான் தொடங்கவேண்டும், இல்லையென்றால் ஏற்காது. 2021 கடைசி வரை நடுவில் ஃபயர்ஹோஸ் என்ற இன்னொரு சேவையையும் வைத்துக் கட்டவேண்டியிருந்தது. இப்போது நேரடியாகவே 5 நிமிடத்துக்கொரு தடவை சுருக்கிய கோப்பாக வந்து விழுகிறது.

ஞாயிறு

லொக்கின் ஒவ்வொரு வரியும் ஒரு வருகை. எந்த ஐபி, எந்த நாடு, எந்தப் பக்கத்தைக் கேட்டது, எந்த விதியில் பட்டது, முடிவு என்ன என்று எல்லாம் இருக்கும். நேரம் மட்டும் 1970 ஜனவரி 1இலிருந்து ஓடும் மில்லி செக்கன்களில் இருக்கும், அதுவும் கிரீன்விச் கணக்கில். நமக்கு ஞாயிறு அதிகாலை 1.30 என்றால் அங்கே சனி இரவு 8 மணி. முதல்நாள் கோப்புறையில் தேடினால்தான் அகப்படும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. எண்ணும் நிலையில் விதி பிடித்த வருகைக்கும் கடைசி முடிவு ‘அனுமதி’ என்றே பதிவாகும். எந்த விதி பிடித்தது என்பது விதித்தொகுப்புப் பட்டியலின் வயிற்றுக்குள் கிடக்கும். ‘தடுக்கப்பட்டவை’ என்று மட்டும் தேடிவிட்டு எல்லாம் சுத்தம் என்று மடிக்கணினியை மூடுகிறவர் ஒன்றையும் பார்த்திருக்கமாட்டார்.

வந்தவர்களில் பெரும்பாலானோர் மனிதர்களே இல்லை. வேர்ட்பிரஸ் நுழைவுக் கதவைத் தட்டும் இயந்திரங்கள், கடவுச்சொற்கள் கிடக்கும் அமைப்புக் கோப்பை யாராவது வெளியே விட்டிருக்கிறார்களா என்று பார்க்கும் இயந்திரங்கள். 2021 டிசம்பரில் உலகத்தையே உலுக்கிய லொக்4ஜே ஓட்டையைத் தேடி இன்னும் அலைகின்றன. இந்தத் தளத்தில் ஜாவாவே கிடையாது என்பது அவற்றுக்குத் தெரியாது. இவற்றுக்குக் கல்முனையும் ஒன்று, கலிபோர்னியாவும் ஒன்று. காக்கா பயந்த எதிரி இன்றைய லொக்கில் இல்லை.

திங்கள், நடுநிசி தாண்டி

வேறு ஒன்று இருக்கிறது. ஒரே விதி திரும்பத் திரும்பப் பிடிக்கிறது: அனுப்பும் பொதி 8 கேபியைத் தாண்டினால் சந்தேகப்படும் விதி. பிடிபடும் ஐபிகள் எல்லாம் இலங்கை. பக்கமோ செய்தியாளர்கள் கட்டுரை ஏற்றும் பக்கம்.

தாள் எடுத்துக் கணக்குப் போட்டேன். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். பழைய வேர்ட்பிரஸ் எடிட்டர் கட்டுரையைப் படிவமாக அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. ஆக ஒரு குறிக்கு 9. ‘சவளக்கடை’ கண்ணுக்கு ஆறெழுத்துதான். கணினிக்குள் புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனி என்பதால் 8 குறி. கம்பியில் போகும்போது 72 பைட். அதே ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 12 பைட்டோடு முடிந்துவிடும்.

8 கேபி என்றால் 8,192 பைட். ஒன்பதால் வகுத்தால் 910 குறி. தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு இது சுமார் நூறு சொல். படிவத்தின் மற்ற விபரங்களும் அதே பொதியில் போவதால் அதிலும் கொஞ்சம் குறையும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ஆயிரம் சொல் வரை நிம்மதியாக அனுப்பலாம். தமிழில் ஜனாஸா அறிவித்தல் போகும். பிரதேச சபைக் கூட்டச் செய்தி போகாது. சிங்களத்துக்கும் இதே கதிதான், அதற்கும் குறிக்கு 3 பைட்.

முன்பிருந்த சேவையில் இதே மாதிரித் தொகுப்பைத் தடுக்கும் நிலையிலேயே விட்டிருந்தார்களாம். நீளமான செய்திகள் ஏறவில்லை. “நெட் சரியில்ல” என்று சொல்லிச் சொல்லிச் செய்தியாளர்கள் கட்டுரைகளைத் துண்டுதுண்டாக ஏற்றப் பழகிவிட்டார்கள். தளத்தில் ஒரே செய்தி ‘தொடர்ச்சி’ போட்டு மூன்றாக வருவதை நானே வாசித்திருக்கிறேன். பாணி என்று நினைத்தேன்!

இது அமேசனோடு முடிகிற சங்கதியும் அல்ல. ஓவாஸ்ப் அமைப்பின் திறந்த விதித்தொகுப்பில் கண்டிப்பு நான்கு படி. மூன்றாம் படிக்கு ஏற்றினால் ஆஸ்கி 127க்கு மேற்பட்ட குறி வந்தாலே சந்தேகம். அதாவது தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் குற்றவாளி. விதி எழுதியவர்களுக்கு நம்மேல் விரோதம் இல்லை, நம் எழுத்து அவர்கள் நினைப்பில் வரவில்லை. ஆனால் கூடிய கண்டிப்புத்தான் கூடிய பாதுகாப்பு என்று அதை அப்படியே இங்கே விற்கிறவர்களை என்ன சொல்வது?

செவ்வாய்

காக்கா போன் எடுத்தார். “என்ன தம்பி, ஹெக்கர் புடிபட்டானா?”

“புடிபட்டது நம்மட செய்தியாளர்மார்தான் காக்கா.”

விளங்கப்படுத்த நேரமெடுத்தது.

விதியை அடியோடு நீக்கவும் முடியாது. பொதியின் முதல் 8 கேபியைத்தான் நான் மாட்டியிருக்கும் இடத்தில் வஃப் ஆராயும். மிச்சம் சோதிக்கப்படாமலே உள்ளே போகும். அந்த விதி அங்கே இருப்பதற்குக் காரணம் அதுதான். செய்தியாளர்களின் ஐபியை மட்டும் விலக்கலாம் என்றால் எல்லாரும் போனில் வேலை செய்கிறவர்கள், ஐபி மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே அளவு விதியை எண்ணும் நிலையிலேயே விட்டேன். அது பிடித்த பொதிக்கு ஒரு அடையாளச் சீட்டு ஒட்டும். சீட்டு ஒட்டப்பட்டு, கட்டுரை ஏற்றும் பாதை அல்லாத பாதையில் வருவதை மட்டும் தடு என்று தனி விதி எழுதினேன். திறந்த அந்தப் பாதைக்கு ஈடாக, நுழையக் கடவுச்சொல்லோடு இரண்டாவது குறியீடும் கட்டாயம். புதிய எடிட்டருக்கு மாறினால் 9 பைட் 3 ஆகக் குறையும், சுமார் முந்நூறு சொல் போகும். செய்தியாளர்கள் ஒத்துக்கொள்ளவேண்டுமே.

வியாழன்

2019இல் அமெரிக்காவின் கெப்பிட்டல் வன் வங்கியில் நடந்ததை மறுபடி வாசித்தேன். அங்கே வஃப்பே வாசலாகிவிட்டது. தவறாக அமைக்கப்பட்ட அதன் வழியே நுழைந்து, அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரின் விபரங்களை ஒருவர் எடுத்தார். எடுத்தது மார்ச்சில். வங்கிக்குத் தெரியவந்தது ஜூலையில், அதுவும் வெளியாள் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலால். தடயம் லொக்கில் கிடந்தது. அபராதம் 8 கோடி டொலர். நம் அரச கிளவுட்டில் 2023 ஓகஸ்டில் ரான்சம்வெயார் புகுந்தபோதும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன.

அடுத்த வேலை, வருகை வேகத்துக்கான வரம்பு. பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் தளம் நெரியும். கைபேசி வலையமைப்பில் நூற்றுக்கணக்கான போன்கள் ஒரே ஐபிக்குப் பின்னால் நிற்கும். 5 நிமிடத்தில் இத்தனைக்கு மேல் வந்தால் தடு என்று இறுக்கினால், ஓரூர்ப் பிள்ளைகள் முழுக்க வெளியே நிற்பார்கள். தளத்தின் பழைய லொக்கில் அப்படியான ஐபிகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒரே ஐபி, ஆனால் சாம்சங், ரெட்மி, பழைய ஐபோன் என்று விதவிதமான கருவிகள், கேட்கும் பக்கங்களும் தாறுமாறு. அது மனிதக் கூட்டம். ஒரே கருவிப் பெயர், ஒரே இடைவெளி, ஒரே பக்கம் என்றால் இயந்திரம். ஆகவே வரம்பை ஐபிக்குப் பொதுவாக வைக்காமல் நுழைவுப் பக்கத்துக்கு மட்டும் இறுக்கமாக வைத்தேன்.

வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்

செலவுக் கணக்கு. லொக்கை அமேசனின் அதீனா சேவையில் துழாவ 1 டெராபைட்டுக்கு 5 டொலர். நம் அளவுக்குச் சில்லறைதான். ஆனால் 2022இல் 200 ரூபாய் டொலர் 350ஐத் தாண்டியதைக் கண்டவர் காக்கா. ‘டொலர்’ என்ற சொல்லுக்கே முகம் மாறுவார். விதி எதிலும் படாத வருகைகளை வடிகட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் சேமிக்கவைத்தேன். குக்கியை மறைத்தாயிற்று. வாசகரின் ஐபியும் ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடியது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. 90 நாளில் தானாக அழியும்படி வைத்திருக்கிறேன்.

வாசிக்கும் ஆளுக்கு என்ன செலவு என்று காக்கா கடைசியில் கேட்டார். வாரத்தில் ஒரு மணித்தியாலம் என்றேன். அதற்கும் டொலரிலா என்று கேட்கிறார்.