ஹீட் மீட்டரின் குளிர்ந்த பொய்

நாமக்கல்லைச் சுற்றியுள்ள லாரிப் பட்டறைகளில் பாடி கட்டுகிறவர், வெல்டர், பெயிண்டர் ஆகியோர் செய்த வேலை வண்டி வெளியே வரும்போதே கண்ணில் படும். எலக்ட்ரீஷியன் செய்ததைப் பார்க்க டேஷ்போர்டுக்குள் தலையை விட வேண்டும். அதிலும் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டருக்குச் சென்சார் மாட்டுவது சில்லறை வேலை என்றே கருதப்படுகிறது. பழையதைக் கழற்றி, புதியதை முறுக்கி, ஒரு ஒயரைச் செருகினால் தீர்ந்தது என்பது பல உரிமையாளர்களின் எண்ணம். கூலியும் அந்த எண்ணத்தை வைத்தே பேசப்படுகிறது. வேலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தபோது இந்தக் கணக்கு தலைகீழ் என்று எனக்குப் பட்டது. சென்சாரின் நுனி எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதோ, அதன் சூட்டை மட்டும்தான் மீட்டர் காட்டும். நுனி தொட வேண்டியதைத் தொடுகிறதா, தொட்டதை ஒழுங்காகச் சொல்கிறதா என்று உறுதிசெய்வதுதான் வேலை. ஒயரைச் செருகுவது கடைசி அரை நிமிடம்.

சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு வில்லை. பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 40 டிகிரியில் சுமார் 287 ஓம், 90 டிகிரியில் 51, 100 டிகிரியில் 38. மேலே போகப் போக இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாக இன்ஜினுக்குப் போகிறது. அந்த மரையில் துருவோ, பெயிண்டோ, அளவுக்கு மீறிச் சுற்றிய டெஃப்லான் டேப்போ இருந்து 13 ஓம் கூடிவிட்டால் போதும், 100 டிகிரியில் கொதிக்கும் இன்ஜினை மீட்டர் 90 என்று காட்டும். டேப் சுற்றினாலே எர்த் போய்விடும் என்பது மிகை. இறுகும்போது மரை டேப்பைக் கிழித்து உலோகத்தைத் தொடுவதும் உண்டு. தொட்டதா இல்லையா என்பது மல்டிமீட்டர் வைத்தால்தான் தெரியும். அதனால் நல்ல எலக்ட்ரீஷியன் முதலில் சென்சாரைக் கழற்றுவதில்லை. ஒயரை மட்டும் உருவிவிட்டு, "சாவிய ஆன்ல மட்டும் வைங்ணா, செல்ப் அடிச்சுராதீங்க" என்று கேபினைப் பார்த்துக் குரல் கொடுத்து, ஒயர் நுனியைச் சேஸிஸில் ஒரு கணம் தொடுகிறார். முள் எழுந்து கடைசிக்கோட்டில் மோதினால் மீட்டரும் ஒயரும் பழுதில்லை. கோளாறு சென்சாரிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. இதற்குப் பிறகுதான் ஸ்பேனர் கைக்கு வருகிறது. புதிய சென்சாரையும் அப்படியே முறுக்கிவிடுவதில்லை. அதன் உடம்பிலிருந்து சேஸிஸுக்கு ஒரு ஒயர் இழுத்து, ஸ்டவ்வில் கொதிக்கும் தண்ணீரில் நுனியை முக்கி, முள் நூறுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறதா என்று பார்க்கிறார். மரை பொருந்திவிட்டால் சென்சாரும் மீட்டரும் ஜோடி சேர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. வேறொரு மீட்டருக்கென்று செய்த சென்சார் அதே துளையில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் தப்பாகச் சொல்லும்.

இதில் எனக்கு உறுத்தலாக இருப்பது, பிழை சாயும் திசை. ஒயர் அறுந்தால் மீட்டர் குளிர்ச்சி காட்டுகிறது. மரையில் எர்த் கெட்டால் குறைத்துக் காட்டுகிறது. எல்லாவற்றிலும் மோசமானது, ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் ஊற்றிவிடும்போது நடப்பது. தண்ணீரில் முங்கியிருந்த நுனி வெறும் காற்றில் நிற்கிறது. இன்ஜின் தீய்ந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்குகிறது. பாரம் ஏற்றித் தொப்பூர் கணவாயைத் தருமபுரிப் பக்கமாக ஏறும் வண்டிக்கு இப்படி நேர்ந்தால், "மீட்டர்ல சூடே காட்டலீங்க" என்று டிரைவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போனதற்கு அவரைத் திட்டுவதற்கு முன் சென்சார் எந்த உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் அளவு குறைந்தால் பஸ்ஸர் அடிக்க ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்பதே நியாயம். மீட்டர் தன்னிச்சையாகச் சூட்டைக் கூட்டிக் காட்டும் கோளாறும் உண்டுதான். ஒயர் உரசி பாடியில் பட்டால் முள் உச்சிக்குப் போகும். ஆனால் அது வண்டியை நிறுத்த வைக்கிறது, இன்ஜினை எரிப்பதில்லை.

சென்சார் எந்த இடத்தில் நிற்கிறது என்ற இதே கேள்வி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இன்னும் கூர்மையாகிறது. டிரெய்லர் இழுக்கும் அமெரிக்க பிக்கப்களில் ஆயில் சூட்டை அளக்க மூன்று இடங்கள் வழக்கம். டார்க் கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் அளந்தால் முள் ஏற்றத்துக்கு ஏற்றம் துள்ளும். அடித்தட்டில் அளந்தால் நிதானமாக நகரும். கூலரிலிருந்து திரும்பும் குழாயில் அளந்தால், கூலர் எவ்வளவு நன்றாக உழைக்கிறது என்றுதான் தெரியுமே தவிர கியர்பாக்ஸ் படும் பாடு தெரியாது. ஒரே வண்டி, ஒரே நொடி, மூன்று எண்கள், மூன்றும் சரி. சென்னை அருகே ஒரகடத்தில் ஆலிசனின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆலை இயங்கும் இந்தக் காலத்தில், இதை வெளிநாட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு எல்லாவற்றையும் ஈசியூ என்கிற இன்ஜின் கணினி பார்த்துக்கொள்கிறது, இனி இந்தக் கைவேலை எதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. சூடு எல்லை மீறினால் புதிய வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. ஒயர் அறுந்தால் எச்சரிக்கை விளக்கைப் போடுகிறது. ஆனால் ஈசியூவும் சென்சார் சொன்னதை நம்பித்தான் முடிவெடுக்கிறது. கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு ஏறி, தடை கொஞ்சமாகக் கூடினால் அதை அறுந்த ஒயர் என்று அது எடுத்துக்கொள்ளாது. சற்றுக் குளிர்ந்த இன்ஜின் என்றே எடுத்துக்கொள்ளும். அனுபவசாலி டிரைவருக்கு மீட்டரே தேவையில்லை, வாசனையிலும் இழுவையிலும் தெரிந்துவிடும் என்பது இன்னொரு வாதம். தெரியும், கூலன்ட் தீயும் வாசனை வரும் அளவுக்குக் காரியம் முற்றியபிறகு.

சென்சார் விலையைவிட மாட்டுக்கூலி அதிகமாக இருக்கிறதே என்ற முனகலுக்கு மட்டும் பட்டறைக்காரர்களும் ஓரளவு காரணம். பில்லில் சென்சார் ஒன்று, கூலி இவ்வளவு என்று இரண்டே வரி எழுதுகிறார்கள். கொதிநீரில் முள் எங்கே நின்றது, மரைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே எத்தனை ஓம் இருந்தது என்று மூன்றாவதாக ஒரு வரி எழுதலாம். எழுதினால் சோதித்துப் பார்த்தவருக்கும் வெறுமனே முறுக்கிவிட்டவருக்கும் ஒரே கூலி பேச உரிமையாளருக்கு வாய் வராது. சோதிக்காதவரிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கவும் வழி பிறக்கும்.