மெசினை அமத்து சாமி!

ஏற்காடு போகிறவர்கள் எல்லோரும் கொண்டப்பநாயக்கன்பட்டியைப் பார்த்திருப்பார்கள். ஆனால், ஞாபகம் இருக்காது. மலை தெரிந்த சந்தோஷத்தில் ஸ்வெட்டரைத் தேட ஆரம்பிக்கும் இடம் அது!

எனக்கு அங்கேதான் ஆயா வீடு. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறதே, டி.ஆர்.சுந்தரம் 1935ல் ஆரம்பித்து நூறு படத்துக்கு மேல் எடுத்துத் தள்ளிய கம்பெனி... அங்கே கவிஞர்கள் பேனாவும் கையுமாகப் பாட்டெழுதிய காலத்தில், பேனாவே பிடிக்காத எங்கள் ஆயா கடலைக்காய் பறித்துக்கொண்டே பாட்டுக் கட்டியது.

1991 பொங்கலுக்கு, முதல் போனஸில் வாங்கிய டேப்ரிக்கார்டரோடு போய் இறங்கினேன். 'மலையருவி' படித்த வேகம். பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேகரித்த நாடோடிப் பாடல்களை கி.வா.ஜ. பதிப்பித்து 1958ல் வந்த புத்தகம். பிரெண்டா பெக் என்ற பெண்மணியோ 1965ல் காங்கேயம் பக்கம் தங்கி, உடுக்கையடிப் பாட்டான அண்ணன்மார் கதையை ராத்திரி ராத்திரியாக டேப்பில் பிடித்தார். வெள்ளைக்காரர்கள் செய்யலாம், பேரன் செய்யக் கூடாதா?

ஆயா தாலாட்டு பாடியது. களை எடுக்கிற பாட்டு பாடியது. நடுவில் சேவல் கூவியதும், "காப்பி ஆறுது" என்று அத்தை கத்தியதும்கூடப் பதிவாயின. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஒரு ஒப்பாரி பாடு ஆயா" என்றேன்.

ஆயா முகம் மாறிவிட்டது. "குத்துக்கல்லாட்டம் மனுசன் திண்ணையில உக்காந்திருக்காரு. சாவு வுழாத வூட்டுல அதெல்லாம் வாயில எடுக்கலாமா? மெசினை அமத்து சாமி!"

திண்ணையிலிருந்து தாத்தா, "பாடேன் புள்ள... இருக்கையிலயே கேட்டுட்டுப் போறேன்" என்றார். மூன்று நாள் ஆயா அவரோடு பேசவில்லை.

1994 ஆடியில் தாத்தா போய்விட்டார். ஊரில் பாதிப் பேர் டவுனில் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் இருந்தார்கள். பெண்கள் தோளோடு தோள் கட்டி உட்கார, ஆயா ஆரம்பித்தது. வெள்ளைக்கல் சுரங்கத்துக்குக் கூலி போனவர் தாத்தா. சொத்து என்று பார்த்தால் ஒரு ஏக்கர் மானாவாரி, ஒரு ராலே சைக்கிள். பாட்டில் அவர் யானை மேல் வந்தார். மரவள்ளிக் காட்டில் மாணிக்கம் விளைவித்தார். நாற்பது வருஷமாக 'இந்த மனுசன்' என்று மட்டுமே சொன்ன ஆயா, அன்றைக்கு 'ராசா' என்றது.

டேப்ரிக்கார்டர் பரணில்தான் இருந்தது. புதுக் கேசட்டும் இருந்தது. கை எட்டும் உயரம். நான் எடுக்கவில்லை.

கிரீஸில் மானி என்று ஒரு வறண்ட மலைப் பிரதேசம். அங்கேயும் செத்த வீட்டில் பெண்கள் பாட்டுக் கட்டுவார்களாம். 'மிரோலோயி' என்று பேர். கல்யாணப் பாட்டின் சொற்களே சாவுப் பாட்டிலும் வரும் என்று பிற்பாடு படித்தேன். ஆயா அன்றைக்குத் தாத்தாவுக்கு மாப்பிள்ளைக் கோலம்தான் பாடியது.

2006ல் ஆயா போனபோது பாட ஆளில்லை. மைக்செட்காரர் ஏதோ ஒரு கேசட்டைப் போட்டார்.

என் கேசட் இன்னும் இருக்கிறது. தாலாட்டு, களைப்பாட்டு, சேவல், ஆறுகிற காப்பி. கடைசியில் தாத்தாவின் இருமல், "பாடேன் புள்ள..." அப்புறம் 'டக்'.